ஹோட்டல்காரருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் ஒரு வேலை

கேள்வி: நான் தேனி மாவட்டத்துக்காரி. சுற்றுலா மேலாண்மையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, சென்னையில் ஒரு டிராவல்ஸ் நிறுவனத்தில் சப்ளையர் ரிலேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவாகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. பேர் பெரிதாக இருக்கிறதே தவிர, நாள் முழுக்க ஹோட்டல்கள் அனுப்பும் விலைப்பட்டியலை எக்செலில் ஏற்றுவதும், போன் போட்டு அறை இருக்கிறதா என்று கேட்பதும்தான் வேலை. இப்போது கொடைக்கானல், மூணாறு பக்கத்துச் சின்ன ஹோட்டல்களிடம் பேசி, அடுத்த சீசனுக்கு இருபது சதவீதம் குறைத்து வாங்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். கொடைக்கானலில் ஒருவர், "போன மே மாசத்துப் பணமே இன்னும் வரலை, இதுல இன்னும் குறைக்கச் சொல்றீங்களேம்மா" என்கிறார். இன்னொருவர், "வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வந்து தங்கிட்டுப் போங்க, பணமெல்லாம் வேண்டாம்" என்கிறார். அப்பா வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். எல்லாம் ஆப்பிலேயே நடக்கிற காலத்தில் இந்த வேலை நிலைக்குமா? இதில் எனக்கு எதிர்காலம் உண்டா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நாலைந்து கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அதில் பெரியது அந்தக் கொடைக்கானல்காரர் கேட்டதுதான். அதற்கு வருகிறேன். முதலில் எக்செலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்.

ஹோட்டல் காண்ட்ராக்டிங்தான், அதாவது ஹோட்டல்களோடு விலையும் அறையும் பேசி ஒப்பந்தம் போடுவதுதான், எனக்குச் சோறு போட்ட வேலை. புதிதாகச் சேருகிறவர்களை நான் முதலில் உட்கார வைப்பது இந்த விலைப்பட்டியல் மேஜையில்தான். ஒரு ஹோட்டலுக்கு எப்போது கூட்டம், எப்போது காலி, எதற்கு அது பயப்படுகிறது என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் பேரம் பேசப் போகிறவருக்குக் "கொஞ்சம் குறைங்க சார்" என்பதைத் தவிர சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

அடுத்த தாள் வரும்போது விலைக் கட்டத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் தேதிகள். ஏப்ரல், மே மாதங்களுக்கு ஒரு விலை, மழைக்காலத்துக்கு ஒரு விலை, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்துக்கும் தனி விலை என்று பிரித்திருப்பார்கள். எந்த மாதத்தில் விலை சரிகிறதோ, அந்த மாதத்தில் அறைகள் சும்மா கிடக்கின்றன என்று அவரே சொல்லிவிட்டார். பேரம் அங்கேதான் எடுபடும். அப்புறம் சாப்பாடு. ஈ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலை உணவோடு, எம்.ஏ.பி. என்றால் அதோடு இன்னொரு வேளை, ஏ.பி. என்றால் மூன்று வேளையும். இது பாடத்தில் படித்ததுதானே என்பீர்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைகூட இல்லாத எஸ்டேட் ரிசார்ட்டுக்கு ஈ.பி. விலை மலிவாக இருக்கிறது என்று விற்றுவிட்டால், ராத்திரி குழந்தைகளோடு பசியில் நிற்கப் போவது உங்கள் வாடிக்கையாளர். இடத்தைத் தெரிந்துகொண்டு தாளைப் படிப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

அடிக்குறிப்புகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். டிசம்பர் 31 இரவு விருந்துக்குத் தனிக் கட்டணம், அதுவும் கட்டாயம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதை யாரும் விற்பனைப் பிரிவுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ரிசப்ஷனில் அந்தக் குடும்பம் போடும் சண்டை உங்கள் போனுக்குத்தான் வரும். குழந்தைக்கு எத்தனை வயது வரை இலவசம், எக்ஸ்ட்ரா பெட் கட்டில் தருவார்களா, தரையில் மெத்தை போடுவார்களா, குழுவாக வந்தால் எத்தனை அறைக்கு ஒரு அறை இலவசம் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். டிரைவருக்குத் தங்க இடம் உண்டா என்பதையும் தவறாமல் கேளுங்கள். மலையில் குளிரில் வண்டிக்குள்ளேயே சுருண்டு படுத்துவிட்டு, விடியற்காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் நம் விருந்தினரை இறக்கிக் கொண்டுவருகிறவர் அவர். விருந்தினர்களின் டிரைவர்களுக்கு ஹோட்டல்கள் தங்குமிடம் தர வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளிலேயே சேர்த்தது. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அலாட்மென்ட், ரிலீஸ் இரண்டும்தான் இந்தத் தாளின் உயிர். தினமும் 10 அறை உங்களுக்கு, ரிலீஸ் 15 நாள் என்று ஒப்பந்தம் இருந்தால், மே 20-ம் தேதிக்கான அறைகளில் மே 5-க்குள் நீங்கள் விற்காததெல்லாம் ஹோட்டலுக்கே திரும்பிவிடும். ஹோட்டல்காரர் அந்த அறைகளை உங்களுக்காகப் பூட்டி வைத்திருந்த நாட்களில் வேறு யாருக்கும் விற்கவில்லை. அது அவர் உங்களுக்குக் கொடுத்த கடன். பத்து அறை கேட்டு வாங்கிவிட்டு இரண்டு மட்டும் விற்று, எட்டைக் கடைசி நாளில் திருப்பித் தருகிற நிறுவனத்துக்கு அடுத்த வருஷம் அலாட்மென்ட் கிடைக்காது. விலை குறைக்காத ஹோட்டல்கூட, சொன்ன எண்ணிக்கையை ஒட்டி விற்றுத் தருகிறவருக்கு ரிலீஸை 15 நாளிலிருந்து 7 நாளாக்கித் தரும். நிறுவனத்துக்கு அது விலைக்குறைப்பைவிடப் பெரிய லாபம். மேனேஜரிடம் போய்ச் சொல்ல வேண்டிய கணக்கு இது.

வரி எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கூடவே, ஹோட்டல்கள் தாங்கள் வாங்கும் பொருள், சேவைகளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் இந்த அறைகளுக்குப் போய்விட்டது. அறை 4,000, வரி தனி என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு 4,480 என்பது 4,200 ஆனது, விஷயம் முடிந்தது. "வரி உட்பட 4,480" என்று எழுதியவர்களுக்குத்தான் தகராறு. அந்த 280 ரூபாய் யாருக்கு? வரி குறைந்தது, விலையைக் குறை என்பார் வாங்குகிறவர். எனக்கு வரியைக் கழிக்கும் வசதி போய்விட்டது, செலவு ஏறிவிட்டது என்பார் ஹோட்டல்காரர். இரண்டுமே நியாயம்தான். அறை விலையையும் வரியையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டு, வரி மாறினால் என்ன செய்வது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தப் பேச்சே எழாது. அந்த ஒரு வரியைச் சேர்க்கத் தெரிந்தவர்தான் நல்ல காண்ட்ராக்டிங் ஆள்.

சரி, இருபது சதவீதத்துக்கு வருவோம்.

ஒரு சின்ன ஹோட்டலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆன்லைன் தளத்தில் அவர் அறையை 4,000 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தளங்களின் கமிஷன் பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வரை போகிறது. 20 என்று எடுத்துக்கொண்டால் அவர் கைக்கு வருவது 3,200. உங்களுக்கு அவர் தரும் நெட் ரேட், அதாவது கமிஷன் பிடிக்காமல் அவர் கைக்கு வரும் விலை, 3,000 என்றால், ஏற்கெனவே அதற்குக் கீழேதான் தருகிறார். இதிலிருந்து இன்னும் இருபது சதவீதம் வெட்டினால் 2,400. வேலையாட்கள் சம்பளம், லாண்டரி, தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நெருக்கினால் அவர் ஒத்துக்கொள்ளவும் கூடும். ஆனால் உங்கள் விருந்தினருக்கு ஏரி பார்த்த அறை போய் சுவர் பார்த்த அறை வரும். சனிக்கிழமைகளுக்கு மட்டும் வரிசையாக, அன்றைக்கு அறை விற்காதீர்கள் என்று ஸ்டாப் சேல் மெயில் வரும். கையெழுத்தான தாளில் 2,400 என்றுதான் இருக்கும், அந்த விலைக்கு அறை மட்டும் கிடைக்காது. இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த வீண் வெற்றி இதுதான்.

அதற்காக விலையே பேசக் கூடாது என்று சொல்லவில்லை. பேசத்தான் சம்பளம் தருகிறார்கள். எதைக் கொடுத்து எதைக் கேட்பது என்று தெரிந்து பேச வேண்டும். கொடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். வரம்பு வாகனத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஒரு கார் வந்தால் ஓர் அறை நிரம்பும், கூடிப்போனால் இரண்டு. நீங்கள் அனுப்பும் ஒரு டெம்போ டிராவலர் ஒரே பாஸில் நான்கைந்து அறைகளை நிரப்பிவிடும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே அவரிடம் பேசலாம்: "செவ்வாயிலிருந்து வியாழன் வரை வாரம் ஒரு குழு, பேர்ப் பட்டியல் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடும், பாதிப் பணம் அட்வான்ஸ், இந்த மூன்று இரவுக்கு மட்டும் விலையைப் பாருங்கள்." சனி, ஞாயிறு விலையைத் தொடாதீர்கள். அவருக்கு அதுதான் சம்பாத்தியம். இப்படிப் பேசினால் வாரநாளுக்குப் பத்து, பன்னிரண்டு சதவீதம் குறைவது பெரிய காரியமில்லை, அதைக் கொடுக்கிறபோது அவருக்கும் வருத்தமிருக்காது. மூணாறிலும் இதே முறைதான், அங்கே மழை மாதங்களை வைத்துப் பேசுங்கள்.

வண்டிக்காரர்களிடமும் இதே முறை. நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர், பேட்டா, மலை ஏறக் கூடுதல், மாநில எல்லை வரி என்று அவர்கள் கணக்கு வேறு. இப்போதைக்கு ஹோட்டலைப் பழகுங்கள், வண்டி தானாக வரும்.

இனி அந்தப் பழைய பாக்கி. சப்ளையர் ரிலேஷன்ஸ் என்றால் வெளியே போய்ப் பேசுவது என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வருகிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் பேச்சு சொந்த அலுவலகத்துக்குள்தான். ஹோட்டல்காரருக்கு நீங்கள்தான் நிறுவனம். உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு அவருக்குத் தெரியாது, உங்கள் முதலாளி தெரியாது. நீங்கள் போனில் "அனுப்பிடுவோம் அண்ணே" என்று சொன்னது மட்டும்தான் அவரிடம் இருக்கிறது. நிறுவனத்துக்குள் அவருக்காகப் பேச உங்களைத் தவிர ஆள் கிடையாது. அலுவலகத்துக்குள் அவருடைய ஆளாக நிற்பதும் உங்கள் வேலையில் சேர்ந்ததுதான். அதைச் செய்யாத ஒருவர் எத்தனை சாமர்த்தியமாகப் பேரம் பேசினாலும் இரண்டு சீசனுக்கு மேல் தாங்க மாட்டார்.

பேச்சை அக்கவுண்ட்ஸிடம் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். பாக்கி நின்று போவதற்குப் பெரும்பாலும் காரணம் கெட்ட எண்ணம் இல்லை, தாள்தான். நீங்கள் அனுப்பிய புக்கிங் வவுச்சரில் இரண்டு அறை, ஹோட்டல் பில்லில் இரண்டு அறையும் ஒரு எக்ஸ்ட்ரா பெட்டும் இருக்கும். பில்லில் உங்கள் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண் விட்டுப்போயிருக்கும். ஒரு விருந்தினர் ஒருநாள் முன்னதாகக் கிளம்பியிருப்பார், அதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இப்படி ஒரு பில் இடித்தால் மொத்தக் கட்டும் மேஜையில் உட்கார்ந்துவிடும். அந்த ஹோட்டலின் லெட்ஜரை அக்கவுண்ட்ஸிடமிருந்து வாங்குங்கள். ஹோட்டலிடமிருந்து அவர்கள் கணக்கை வாங்குங்கள். வவுச்சர் வாரியாக இரண்டையும் ஒத்துப் பாருங்கள். தகராறில்லாத பில்களைத் தனியே பிரித்து, இவற்றையாவது இந்த வாரம் விடுங்கள் என்று கேளுங்கள். மீதியைத் திருத்தி வாங்கித் தருவதாக நீங்களே பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். இது பட்டத்துக்குத் தகுந்த வேலையா என்று தோன்றலாம். சப்ளையர்கள் மத்தியில் உங்கள் பேர் நிலைக்கப் போவது இந்த வேலையால்தான்.

அந்த ஹோட்டல் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிலுள்ள தேதிக்குள், எப்படிப் பார்த்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் சட்டம். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். இதை மிரட்டலாக இல்லாமல், "சார், இவங்க உத்யம் பதிவு இருக்கு, மார்ச்சுக்குள்ள முடிச்சிட்டா நமக்கு வரியில பிரச்சனை வராது" என்று சொல்லிப் பாருங்கள். நியாயம் பேசியபோது அசையாத ஃபைல் வரி என்றதும் நகர்வதைப் பார்ப்பீர்கள்.

பாக்கியைப் பாதியாவது தீர்க்காமல் அடுத்த சீசன் விலை பேசக் கொடைக்கானலுக்குப் போன் போடாதீர்கள். மேனேஜரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பணம் போனால்தான் என்னால் விலை வாங்க முடியும், இந்தத் தேதிக்குள் போகும் என்று எனக்குச் சொல்லுங்கள், நான் அந்தத் தேதியை மட்டும் அவரிடம் சொல்கிறேன். தேதி கிடைக்கவில்லை என்றால் பொய்த் தேதி சொல்ல வேண்டாம். "இன்னும் முடிவாகலைண்ணே, வெள்ளிக்கிழமை நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை கூப்பிடுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

இந்தத் துறையில் சப்ளையர்கள் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் என்று உங்கள் மேனேஜர் யோசிக்க வேண்டும். 1841-ல் தொடங்கிய பாரம்பரியம் கொண்ட பிரிட்டனின் தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23 அன்று மூடப்பட்டது. (இந்தியாவில் அதே பேரில் இருப்பது தனி நிறுவனம்.) வெளிநாடுகளில் இருந்த பிரிட்டிஷ் பயணிகள் சுமார் ஒன்றரை லட்சம் பேரை பிரிட்டன் அரசே விமானம் வைத்து ஊர் கொண்டுவந்து சேர்த்தது. ஸ்பெயினிலும் கிரீஸிலும் துருக்கியிலும் அந்தக் கோடையில் அவர்களைத் தங்கவைத்துச் சோறு போட்ட ஹோட்டல்களுக்குப் பணம் நின்றுபோனது. விருந்தினர் வந்து போய் வாரக்கணக்கில் கழித்துப் பணம் தருவது அந்தத் தொழிலின் வழக்கம். எதிர்ப்பக்கமும் உண்டு. 2023 மே 3 அன்று கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் நின்றபோது, கோடை விடுமுறைக்குக் குழு டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டியிருந்த ஏஜென்ட்கள் மாட்டிக்கொண்டார்கள். அட்வான்ஸ் யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதும் சப்ளையர் பக்கத்து ஆளின் பொறுப்பு. ஒரு ஹோட்டல் வழக்கத்தைவிட அதிகமாக அட்வான்ஸ் கேட்க ஆரம்பித்தால், ஒரு விமான நிறுவனம் திடீரென்று தாராளமாகக் கழிவு கொடுத்தால், சந்தோஷப்படுவதற்கு முன் ஏன் என்று விசாரியுங்கள்.

இவ்வளவும் எதற்கு என்றால், மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒரு போன் வரும். பத்து மணிக்குக் கொடைக்கானல் போய்ச் சேர்ந்த குடும்பத்துக்கு, உறுதி செய்த ஹோட்டலில் அறை இல்லை, ஓவர்புக்கிங். ஊரெல்லாம் நிரம்பியிருக்கிறது. அப்போது உங்கள் பேர் திரையில் தெரிந்ததும் போனை எடுக்கிற இரண்டு முதலாளிகள் அந்த ஊரில் இருக்க வேண்டும். மேனேஜருக்கென்று ஒதுக்கிய அறையையோ, சொந்தக்காரர் வருவார் என்று வைத்திருக்கும் அறையையோ திறந்துவிடுவார்கள். எந்த மென்பொருளிலும் அந்த அறை தெரியாது. போன வருஷம் பணம் நேரத்துக்குப் போயிருந்தால் தெரியும்.

இலவசத் தங்கலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அவர் நல்ல மனசோடு கூப்பிட்டிருக்கலாம், நம் ஊரில் அது உபசாரம். ஆனால் குடும்பத்தோடு தங்கிவிட்டு வந்தபின், அவருடைய ஹோட்டலைப் பற்றி விருந்தினர்கள் புகார் சொன்னால் அதை எழுத உங்கள் கை கூசும். ஹோட்டலைப் பார்க்க வேண்டியது அவசியம், அதற்கு நிறுவனத்தின் வழியாகப் போங்கள். மேனேஜருக்கு மெயில் போட்டு, அலுவல் பயணமாக, ஒரே ஒரு இரவு தங்கி அந்த ஊரின் எட்டுப் பத்து ஹோட்டல்களைப் பார்க்கிற மாதிரி திட்டம் போடுங்கள். அறைக் கதவைத் திறந்து வெந்நீர் வருகிறதா, மெத்தை எப்படி, கழிவறையில் வழுக்குமா, வயதானவர் ஏறக்கூடிய படியா, பஸ் திரும்ப இடமிருக்கிறதா என்று பார்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதலாளியிடம், "கம்பெனி மூலமாத்தான் வரணும்ண்ணே, வரும்போது உங்க ஹோட்டலைக் கண்டிப்பா பாக்குறேன்" என்று சொன்னால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டார். தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வந்தால் பிரித்து எல்லோருக்கும் கொடுங்கள். கவர் வந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிட்டு மேனேஜருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இந்த வட்டம் சின்னது. யார் வாங்குவார், யார் வாங்க மாட்டார் என்பது நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எதிர்காலத்தைப் பற்றி. நீங்கள் இன்று எக்செலில் செய்வதில் ஒரு பங்கு போய்விடும், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சேனல் மேனேஜர் என்ற மென்பொருள் வைத்திருக்கும் ஹோட்டல்களில் விலையும் அறை எண்ணிக்கையும் தானாகவே எல்லாத் தளங்களுக்கும் போய்விடுகின்றன. பெரிய செயின் ஹோட்டல்களில் கையால் ஏற்றுவதற்கு இனி அதிகம் இருக்காது. ஆனால் நம் பக்கத்துச் சின்ன ஹோட்டல்கள், ஹோம்ஸ்டேக்கள், ஆலப்புழை படகுவீடுகள், காரைக்குடிப் பக்கம் தங்கும் விடுதியாக்கிய செட்டிநாட்டு வீடுகள் இவற்றில் பல இன்னும் வாட்ஸ்அப்பிலும் போனிலும்தான் ஓடுகின்றன. அவர்களை நம்பகமாக விற்பனைக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். தரவு ஏற்றுகிறவராகவே நின்றுவிடாமல், தரவில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கிறவராக மாறுங்கள். ஒரே ஹோட்டல் இரண்டு பேரில் பதிவாகியிருப்பது, டீலக்ஸ் என்று ஒருவர் சொல்வதும் சுப்பீரியர் என்று இன்னொருவர் சொல்வதும் ஒரே அறையாக இருப்பது, இதையெல்லாம் பிடிக்கிறவருக்குப் பெரிய நிறுவனங்களில் நல்ல மதிப்பு.

இந்த வேலைக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பேர். ஆன்லைன் தளங்களில் மார்க்கெட் மேனேஜர் என்பார்கள், ஒரு பகுதியின் ஹோட்டல்கள் எல்லாம் அவர் பொறுப்பு. டூர் நிறுவனங்களில் ப்ராடக்ட் அல்லது காண்ட்ராக்டிங். வெளிநாட்டுப் பயணிகளை இங்கே வரவேற்று ஏற்பாடு செய்கிற டி.எம்.சி.க்களிலும் காண்ட்ராக்டிங்தான். ஹோட்டல் அறைகளை மொத்தமாக வாங்கி ஏஜென்ட்களுக்கு விற்கும் பெட் பேங்க் நிறுவனங்களும் இருக்கின்றன. ஸ்பெயினின் பால்மாவிலிருந்து வளர்ந்த ஹோட்டல்பெட்ஸ், குருகிராமின் டி.பி.ஓ. டெக் போன்றவை. பெரிய கம்பெனிகளில் ஊழியர் பயணத்துக்கு ஹோட்டலும் விமானமும் பேசி முடிக்கிற கொள்முதல் பிரிவுக்கும் போகலாம். அறை விலையைத் தீர்மானிக்கிற ரெவின்யூ பக்கத்துக்கு ஹோட்டல்களே இவர்களை இழுத்துக்கொள்வதும் உண்டு.

ஆன்லைன் தளத்துக்குப் போவதானால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223 கோடி ரூபாய்க்கு மேலும் ஓயோவுக்கு 168 கோடிக்கு மேலும் அபராதம் விதித்தது. ஹோட்டல்கள் வேறெங்கும் குறைத்து விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டது அந்த வழக்கில் முக்கியமான விஷயம். அளவு மீறி நெருக்கினால் சட்டம் வரைக்கும் போகும் என்பதற்கு இது சாட்சி. அந்த உத்தரவை ஒருமுறை படித்துவிட்டுப் போனால் நேர்முகத் தேர்வில் மற்றவர்களிடமிருந்து தனியாகத் தெரிவீர்கள்.

மலையாளம் கொஞ்சம், ஹிந்தி கொஞ்சம் பேசப் பழகுங்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக, தேதியும் தொகையும் தவறாமல் மெயில் எழுதத் தெரிந்தால் போதும், இலக்கணம் தானாக வரும். போனில் பேசி முடித்ததை அன்றே இரண்டு வரி மெயிலாக்கி அனுப்பும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சுற்றுலாத் தொழில் கண்காட்சிகளுக்கும் போங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொச்சியில் கேரளா டிராவல் மார்ட் நடக்கிறது, டெல்லிப் பக்கம் சாட்டே, மும்பையில் ஓ.டி.எம். நிறுவனம் யாரையாவது அனுப்பும்போது நானும் வருகிறேன் என்று கேளுங்கள். விசிட்டிங் கார்டு சேர்க்கப் போகாமல், ஏற்கெனவே போனில் பழகியவர்களை நேரில் பார்க்கப் போங்கள்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தத் துறையில் ஆரம்பச் சம்பளம் குறைவு, கோவிட் வந்தபோது முதலில் வேலை போனவர்கள் நாம்தான். வீட்டுக்கு இப்போதே நிலையான வருமானம் தேவை என்றால் வங்கித் தேர்வு எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை. அந்த நெருக்கடி இல்லையென்றால், ஒரு கோடைச் சீசனையும் ஒரு டிசம்பரையும் முழுதாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்கு முன்னால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று உங்களுக்கே தெரியாது. அப்பாவிடமும் அந்தக் காலக்கெடுவைச் சொல்லிவிடுங்கள். வருஷம் தெரியாமல் இழுப்பதுதான் பெற்றவர்களைக் கவலைப்பட வைக்கும்.

இந்த நிறுவனத்திலேயே இருப்பதா என்பது வேறு கேள்வி. மேலே சொன்னபடி கணக்கை ஒத்துப் பார்த்துக் கொடுத்தும், தகராறில்லாத பில்லுக்குக்கூட மாதக்கணக்கில் பணம் நகரவில்லை என்றால், அங்கே கையில் பணம் இல்லை, அல்லது கொடுக்க மனம் இல்லை. இரண்டில் எதுவானாலும் வேறு இடம் தேடுங்கள். இந்த வேலையில் நீங்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் போகும்போது கூடவே வருவது சப்ளையர்களிடம் உங்களுக்கு இருக்கும் பேர் மட்டும்தான், அதை அடுத்தவர் பாக்கிக்காகக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த நேர்முகத் தேர்வில், உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்பார்கள் இல்லையா? விருந்தினர் தங்கிவிட்டுப் போனபின் ஹோட்டல்களுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் நாள் கணக்கைச் சட்டென்று சொன்னால் அங்கே சேரலாம்.